மலையில் வாழும் முதியோருக்கு எந்தக் காப்பீடு, எந்தப் பராமரிப்பு? ஓர் ஒப்பீடு

உதகை, குன்னூர், கோத்தகிரி, கூடலூர்ப் பக்கங்களில் எழுபதை எட்டிய பெற்றோரை வைத்திருப்பவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: அரசு அட்டை போதுமா, அல்லது தனியார் பாலிசி ஒன்றையும் எடுத்து வைக்க வேண்டுமா? இந்தக் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. மருத்துவமனையில் படுத்திருக்கும் நாட்களுக்கான பில்லை யார் கட்டுவது என்பது ஒன்று. வீடு திரும்பிய பிறகு, எழுந்து நடக்க முடியாத மாதங்களில், சில வேளை ஆண்டுகளில், அவரை யார், எந்தப் பணத்தில் பார்த்துக்கொள்வது என்பது மற்றொன்று. நம் நாட்டில் மருத்துவக் காப்பீடு என்ற பெயரில் கிடைப்பவை ஏறக்குறைய அனைத்தும் முதல் கேள்விக்கான விடைகளே. இரண்டாவது செலவுக்கு ஒரு தொகையை ஒதுக்கி வைத்த பின்னரே முதலாவதற்கு எவ்வளவு பிரீமியம் கட்டலாம் என்று முடிவு செய்ய வேண்டும் என்பது என் கருத்து. பெரும்பாலான குடும்பங்கள் இதைத் தலைகீழாகச் செய்கின்றன.

ஒப்பீட்டுக்கு வசதியாக ஒரே நேர்வை எடுத்துக்கொள்வோம். தென்மேற்குப் பருவமழையில் பாசி பிடித்த வாசற்படியில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்த 72 வயதுப் பெண்மணி ஒருவர். அறுவை சிகிச்சை, ஐந்து நாள் மருத்துவமனை, அதன்பின் மூன்று மாதம் படுக்கை. மலையில் இது அரிதான விபத்தன்று.

## எவற்றைக் கொண்டு அளப்பது

முதலில், அந்தத் திட்டத்தில் இவர் சேர முடியுமா என்பது. வருமானம், வயது, முன்பு பார்த்த வேலை ஆகியவை இதைத் தீர்மானிக்கின்றன. அடுத்து, ஏற்கெனவே இருக்கும் சர்க்கரை, இரத்த அழுத்தம், இதய நோய் ஆகியவற்றுக்கு எத்தனை காலம் காத்திருக்க வேண்டும் என்பது. மூன்றாவதாக, கேஷ்லெஸ் (நாம் பணம் கட்டாமல் பெறும் சிகிச்சை) என்று சொல்லப்பட்டாலும் டிஸ்சார்ஜ் நாளில் நம் கையிலிருந்து எவ்வளவு போகும் என்பது. நான்காவதாக, வீட்டில் நடக்கும் பராமரிப்பில் ஏதேனும் ஒரு பகுதியையாவது அது தருகிறதா என்பது.

இவை எந்த ஊருக்கும் பொருந்தும். மலைக்கென்று தனியாக ஒன்று உண்டு. அதுவே எனக்கு முதன்மையாகப் படுகிறது. அந்த அட்டை அல்லது பாலிசி செல்லும் மருத்துவமனை மேலேயே இருக்கிறதா, கீழே இறங்கித்தான் ஆக வேண்டுமா? உதகையிலிருந்து கோவை ஏறத்தாழ 85 கிலோமீட்டர். மழைக்காலத்தில் குன்னூர் – மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்தால் வண்டிகள் கோத்தகிரி வழியாகச் சுற்றிப் போகின்றன. கூடலூர், பந்தலூர்க்காரர்களுக்குக் கோவையைவிட சுல்தான் பத்தேரியே பக்கம். ஆனால் அது கேரளம்; நம் அட்டை அங்கே செல்லுமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். கோவையில் ஒருவரைச் சேர்த்தால் துணைக்கு இருவர் போக வேண்டும், அவர்களுக்குத் தங்க இடமும் சாப்பாடும் வேண்டும், இங்கே பச்சைத்தேயிலை பறிப்பு நின்றுபோகும். இவற்றை எந்தக் காப்பீட்டு நிறுவனமும் பில்லில் ஏற்காது. 2025 ஏப்ரலில் உதகையில் 700 படுக்கைகளுடன் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை திறக்கப்பட்ட பிறகு இந்தக் கணக்கு ஓரளவு மாறியிருக்கிறது. ஆகவே, ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன் யாரோ சொன்ன அறிவுரையை அப்படியே இன்றைக்கு எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

## முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம்

2009-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012 முதல் இப்போதைய பெயரில் நடக்கும் இத்திட்டம் 2018-இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்துடன் இணைக்கப்பட்டது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு மிகாத குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கிறது. பிரீமியம் இல்லை. வயது வரம்பு இல்லை. ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காத்திருப்பும் இல்லை. முதியோரைப் பொறுத்தவரை, தனிநபராக எடுக்கும் தனியார் பாலிசிகள் பெரும்பாலும் தராத சலுகை இந்தக் கடைசி அம்சம்.

நம் பெண்மணிக்கு இந்த அட்டை இருந்தால், திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனையில் நிர்ணயிக்கப்பட்ட தொகுப்புக் கட்டணத்துக்குள் அறுவை சிகிச்சை முடிந்துவிடும். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. பட்டியலில் இல்லாத சிகிச்சைக்கு அட்டை செல்லாது. வெளிநோயாளியாகப் பார்க்கும் மருத்துவச் செலவும் இதில் வராது. தனியார் மருத்துவமனை ஒன்று திட்டத்தில் இருக்கிறது என்பதற்காக அதன் எல்லாப் பிரிவுகளும் இருப்பதாகக் கொள்ளக் கூடாது. எலும்பு முறிவுப் பிரிவு உண்டா என்று அங்குள்ள காப்பீட்டு மேசையில் தனியாகக் கேட்க வேண்டும்.

மறைந்திருக்கும் இன்னொரு தடை ரேஷன் அட்டை. பெற்றோர் பெயர் சம்பளக்காரப் பிள்ளையின் அட்டையில் சேர்ந்திருந்தால், குடும்ப வருமானம் என்று வரும்போது பிள்ளையின் சம்பளமும் சேர்ந்துகொள்கிறது, வரம்பு தாண்டிவிடுகிறது. தனிச் சமையல், தனி வீடு என்று உண்மையிலேயே பிரிந்து வாழும் பெற்றோர் தங்கள் பெயரில் தனி அட்டை வைத்திருப்பது நியாயமும் சட்டப்படியானதும் ஆகும். வருமானத்தை மறைப்பதற்காகப் பிரித்துக் காட்டுவதை நான் பரிந்துரைக்கவில்லை. கிராம நிர்வாக அலுவலரிடம் தொடங்கும் வருமானச் சான்று, ஆதார், ரேஷன் அட்டை ஆகியவற்றுடன் ஆட்சியர் அலுவலகத்திலுள்ள பதிவு மையத்துக்குப் போக வேண்டும். பந்தலூரிலிருந்து உதகைக்கு நடமாட முடியாத ஒருவரைப் புகைப்படம் எடுக்க அழைத்துப்போவது பெரும்பாடு. கால் நன்றாக இருக்கும்போதே முடித்துவிடுவது நல்லது.

## எழுபது வயதைக் கடந்தவர்களுக்கான ஆயுஷ்மான் அட்டை

வய வந்தனா என்ற பெயரில் 2024 அக்டோபர் 29 அன்று தொடங்கப்பட்ட இந்த ஏற்பாட்டில் வருமான வரம்பு கிடையாது. 70 வயது நிறைந்த எவரும் ஆதார் கொண்டு பதியலாம். ஆண்டுக்கு 5 லட்சம். ஒரே குடும்பத்தில் இருவர் எழுபதைக் கடந்திருந்தால் அந்த 5 லட்சத்தை இருவரும் பகிர்ந்துகொள்ள வேண்டும், ஆளுக்கு 5 லட்சம் என்று தவறாக எண்ணிவிடக் கூடாது. தனியார் பாலிசி வைத்திருப்பவரும் இதைப் பெறலாம். முன்னாள் ராணுவத்தினருக்கான இசிஎச்எஸ், மத்திய அரசு ஊழியர், ஓய்வூதியருக்கான மருத்துவத் திட்டமான சிஜிஎச்எஸ் ஆகியவற்றில் இருப்பவர்கள் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அட்டை கையில் இருப்பது வேறு, நாம் போகப்போகும் மருத்துவமனை அந்த அட்டையின் பேரில் அனுமதிப்பது வேறு. ஆகவே, இதை நம்பித் தனியார் பாலிசியை நிறுத்த நினைப்பவர் முதலில் உதகையிலோ கோவையிலோ தாம் வழக்கமாகச் செல்லும் மருத்துவமனையில் நேரில் விசாரிக்க வேண்டும். முதலமைச்சர் திட்டத்தின் வருமான வரம்பைச் சற்றே தாண்டிய சிறு தேயிலை விவசாயிக்கும், ஓய்வூதியம் இல்லாமல் கடை நடத்தி வாழ்ந்தவருக்கும் இது பொருத்தமானது. செலவு எதுவும் இல்லாததால் பதிந்து வைப்பதில் இழப்பில்லை. அதை மட்டுமே நம்புவதில்தான் ஆபத்து.

## ஓய்வூதியர்களுக்கான திட்டங்கள்

மாநில அரசு ஓய்வூதியர்களுக்கான புதிய மருத்துவக் காப்பீட்டில் மாதந்தோறும் ஓய்வூதியத்திலிருந்தே சந்தா பிடித்தம் செய்யப்படுகிறது. பலர் கவனிக்காத ஒன்று: 2022 ஜூலையில் தொடங்கிய திட்டத்தில் 5 லட்சம் என்பது நான்கு ஆண்டுகளுக்குச் சேர்த்து, குறிப்பிட்ட சில பெரிய நோய்களுக்கு மட்டும் அது கூடுதல். முதலமைச்சர் திட்டத்தின் 5 லட்சம் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுவது. எண் ஒன்றாக இருப்பதால் இரண்டும் சமம் என்று நினைப்பது இயல்பு. இதய அறுவை சிகிச்சை ஒன்றுக்குப் பிறகு மீதி எவ்வளவு என்று பார்த்துக்கொள்வது அவசியம்.

குன்னூரை அடுத்த ராணுவக் குடியிருப்பான வெலிங்டனைச் சுற்றிக் குடியேறிய முன்னாள் ராணுவத்தினருக்கு நிலைமை மிக நன்று. 2003-இல் தொடங்கிய இசிஎச்எஸ், ஒருமுறை செலுத்தும் தொகையுடன் வாழ்நாள் முழுவதும் கணவன் மனைவி இருவருக்கும் செல்லும். மாதாந்திர மாத்திரைகளையும் தருகிறது. வெளிநோயாளி மருந்தைத் தரும் திட்டங்கள் மிகச் சில; முதுமையில் மாதாமாதம் பணத்தைத் தின்பது அந்த மருந்துதான். குறை என்று சொன்னால், அவசரம் அல்லாத சிகிச்சைக்குப் இசிஎச்எஸ்-இன் சொந்த மருத்துவ மையமான பாலிகிளினிக்கில் பரிந்துரை வாங்கிக்கொண்டுதான் வெளி மருத்துவமனைக்குப் போக வேண்டும். சிஜிஎச்எஸ் மையம் இல்லாத ஊரில் வசிக்கும் மத்திய அரசு ஓய்வூதியர் மாதம் 1,000 ரூபாய் மருத்துவப் படி பெற வழி இருக்கிறது.

தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களுக்குத் தோட்ட மருத்துவமனை வசதி வேலையோடு முடிகிறது. பிள்ளைகள் யாரும் அதே தோட்டத்தில் இல்லாவிட்டால் குடியிருப்போடு சேர்ந்து அதுவும் போய்விடும். ஓய்வு பெறும் மாதத்திலேயே முதலமைச்சர் திட்ட அட்டைக்கு எழுதிப் போடுவது இவர்களுக்கு அவசரமான வேலை. தொழிலாளர் அரசுக் காப்பீடான இஎஸ்ஐ-யில் ஐந்தாண்டு இருந்து ஓய்வு பெற்றவர் ஆண்டுக்கு 120 ரூபாய் கட்டித் தானும் துணையும் தொடர்ந்து மருத்துவ வசதி பெறலாம். இது தெரியாமல் விட்டவர்கள் ஏராளம்.

## தனியார் மூத்தோர் பாலிசி

இதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் பணம் போவது இங்கேதான். முன்பு 65 வயதுக்கு மேல் புதிய பாலிசி கிடைப்பது கடினம். 2024-இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் அந்த வரம்பை எடுத்துவிட்டது. ஏற்கெனவே உள்ள நோய்க்கான காத்திருப்பு 36 மாதங்களுக்கு மேல் இருக்கக் கூடாது என்றும், 60 மாதம் தொடர்ந்து கட்டிய பாலிசியில் மோசடி நீங்கலாக வேறு காரணம் காட்டி, எதையோ சொல்லவில்லை என்று கிளெய்மை மறுக்கக் கூடாது என்றும் வகுத்தது. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிகளுக்கு ஜிஎஸ்டி இல்லை.

இப்போது நம் பெண்மணியின் பில்லைப் பார்ப்போம். அவருடைய பாலிசி 3 லட்சம்; அறை வாடகை நாளுக்கு 3,000 ரூபாய் வரை; கோ-பே, அதாவது ஏற்கப்படும் தொகையில் நாம் கட்ட வேண்டிய பங்கு, 20 விழுக்காடு. கோவையில் 3,000 ரூபாய் அறை காலியில்லை என்று 6,000 ரூபாய் அறையில் சேர்க்கிறார்கள். மொத்த பில் 2 லட்சம்: அறை 30,000, மருத்துவர், அறுவை அரங்கு, செவிலியர் கட்டணங்கள் 1,00,000, மருந்து, பரிசோதனை, இம்பிளாண்ட் (எலும்பில் பொருத்தும் கருவி) 70,000. தகுதிக்கு இரு மடங்கு வாடகையுள்ள அறையை எடுத்ததால், இத்தகைய பாலிசியில் அறைக்கு 15,000 மட்டுமல்ல, மருத்துவர் முதலான கட்டணங்களுக்கும் பாதிதான், அதாவது 50,000 ஏற்கப்படும். மருந்து, பரிசோதனை, இம்பிளாண்ட் முழுவதும் ஏற்கப்படும். ஆக 1,35,000. அதில் 20 விழுக்காடு கோ-பே 27,000 கழித்தால் நிறுவனம் தருவது 1,08,000. குடும்பம் கட்டுவது 92,000. இதில் பெரும்பகுதி அறையைத் தேர்ந்தெடுத்த அந்த ஐந்து நிமிடத்தில் போன பணம். பாலிசி வாங்கும்போது மொத்தத் தொகையைவிட அறை வாடகை வரம்பு உண்டா, கோ-பே எவ்வளவு என்ற இரண்டு வரிகளைத்தான் முதலில் படிக்க வேண்டும்.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. மூட்டுத் தேய்மானத்துக்காகச் செய்யும் மூட்டு மாற்று சிகிச்சைக்குப் பாலிசிகள் பொதுவாக இரண்டாண்டு காத்திருக்கச் சொன்னாலும், விபத்தில் முறிந்த எலும்புக்கு அந்தக் காத்திருப்பு பொருந்தாது. விழுந்ததால் முறிந்தது என்பது அனுமதிச் சீட்டிலேயே தெளிவாக எழுதப்பட்டிருக்க வேண்டும்.

பிரீமியத்தைப் பொறுத்தவரை, முதல் ஆண்டு 40,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மூத்தோர் பிரீமியத்தை ஆணையத்தைக் கலந்து பேசாமல் ஆண்டுக்கு 10 விழுக்காட்டுக்கு மேல் உயர்த்தக் கூடாது என்று 2025 ஜனவரியில் உத்தரவு வந்திருக்கிறது. அந்த 10 விழுக்காடே ஆண்டுதோறும் ஏறினால், ஐந்தாண்டில் கட்டியது சுமார் 2,44,000; ஆறாம் ஆண்டு கட்ட வேண்டியது 64,000-க்கு மேல். பச்சைத்தேயிலை விலை சரிந்த ஆண்டில் இதைக் கட்டத் தவறினால், அதுவரை கடந்த காத்திருப்புக் காலமும் வீணாகிவிடலாம். பழைய வரி முறையில் வரி கட்டும் பிள்ளை பெற்றோருக்காகக் கட்டும் பிரீமியத்தில் 50,000 வரை கழிவு பெறலாம் என்பது ஓரளவு ஆறுதல்.

பெரிய நோய் ஏதுமின்றி அறுபதுகளின் தொடக்கத்தில் இருப்பவர்களுக்கும், பிள்ளைகள் கோவையிலோ பெங்களூரிலோ இருந்து அங்கேயே சிகிச்சை பார்க்கப் போகிறவர்களுக்கும் தனியார் பாலிசி தகும். எழுபத்தைந்து வயதில், நான்கு நோய்களுடன், முதன்முறையாக எடுப்பது பெரும்பாலும் தகாது. பிள்ளையின் அலுவலகக் குழுக் காப்பீட்டில் பெற்றோரைச் சேர்க்க முடியுமானால் அதைச் சேர்த்துவிட வேண்டும்; ஏற்கெனவே உள்ள நோய்களுக்கும் முதல் நாளிலிருந்தே பொருந்துவது வழக்கம். ஆனால் பிள்ளை வேலை மாறிய அன்று அது முடிந்துவிடும்.

## ஒரே பார்வையில்

| | சேர முடிபவர் | பழைய நோய்க்குக் காத்திருப்பு | கையிலிருந்து போவது | வீட்டுப் பராமரிப்பு |
|---|---|---|---|---|
| முதலமைச்சர் திட்டம் | ஆண்டு வருமானம் 1,20,000 வரை | இல்லை | பயணம், துணையாள் செலவு, பட்டியலில் இல்லாதவை | இல்லை |
| ஆயுஷ்மான் 70+ | 70 நிறைந்த எவரும் | இல்லை | மேற்கண்டவையே | இல்லை |
| மாநில ஓய்வூதியர் திட்டம் | மாநில அரசு ஓய்வூதியர், துணை | இல்லை | மாதச் சந்தா, வரம்பை மீறிய தொகை | இல்லை |
| இசிஎச்எஸ் | ஓய்வூதியம் பெறும் முன்னாள் ராணுவத்தினர், துணை | இல்லை | ஒருமுறைத் தொகை, பரிந்துரைக்கான அலைச்சல் | மாத மருந்து உண்டு |
| தனியார் பாலிசி | நிறுவனம் ஏற்றுக்கொள்பவர் | 36 மாதம் வரை | பிரீமியம், கோ-பே, அறை வித்தியாசம் | டிஸ்சார்ஜுக்குப் பின் குறிப்பிட்ட நாட்களின் மருந்து, பரிசோதனை மட்டும் |

## கடைசிக் கட்டம் நிரம்பாத காரணம்

அட்டவணையில் வீட்டுப் பராமரிப்பு என்ற கடைசிக் கட்டங்களைப் பாருங்கள். நம் பெண்மணிக்கு மூன்று மாதம் ஆள் வைக்க வேண்டும். மாதம் 20,000 ரூபாய் என்று கொண்டாலும் 60,000; வாக்கர், கமோட் நாற்காலி, காற்று மெத்தை, டயபர் எல்லாம் தனி. பக்கவாதமோ மறதி நோயோ என்றால் ஆண்டுக்கு 2,40,000. மேலே கணக்கிட்ட ஐந்தாண்டு பிரீமியமும் இந்த ஓராண்டுச் செலவும் ஏறக்குறைய ஒரே தொகை. நாள்பட்ட மூச்சுத் திணறலுக்கு வீட்டில் வைக்கும் ஆக்சிஜன் கருவியையும் பாலிசிகள் பொதுவாக ஏற்பதில்லை. மழையில் மின்சாரம் போனால் அதை ஓட்ட இன்வெர்ட்டரும் வேண்டும்.

ஏஜென்சி மூலம் வரும் ஹோம் நர்ஸுக்குத் தங்க இடமும் சாப்பாடும் நாமே தர வேண்டும். கீழிருந்து வருபவர்களில் சிலர் குளிர் தாங்காமல் டிசம்பரில் கிளம்பிவிடுகிறார்கள். ஊரிலேயே ஒரு பெண்மணி கிடைத்தால் அதுவே மேல், ஆனால் கொழுந்து அதிகம் வரும் மாதங்களில் பறிப்புக் கூலியைவிடக் குறைவாகக் கொடுத்தால் வரமாட்டார்.

இலவசமாகக் கிடைக்கும் ஒன்றை இங்கே பலர் தவற விடுகிறார்கள். 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன; படுக்கையில் இருப்பவர்களுக்கு இயன்முறை சிகிச்சையும் வலி தணிப்புப் பராமரிப்பும் வீட்டில் தரப்படுகின்றன. வருமான வரம்பு பார்ப்பதில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்தால் போதும். நாள் முழுக்க உடன் இருக்கும் ஆளுக்கு இது மாற்றாகாது. ஆனால் படுக்கைப் புண்ணைத் தொடக்கத்திலேயே கண்டு சொல்ல ஒருவர் வந்துபோவது பெரிய விஷயம்.

பராமரிப்புக்கென்று ஒதுக்கும் தொகையை அஞ்சலகத்தின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போடலாம். 60 வயது நிறைந்தவர் 30 லட்சம் வரை போட்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி வாங்கலாம். இடையில் எடுத்தால் சிறு பிடித்தம் உண்டு. முதலமைச்சர் திட்ட அட்டையோ எழுபது வயது அட்டையோ உள்ள குடும்பம், 40,000 ரூபாய்ப் பிரீமியத்தை ஆண்டுதோறும் இப்படிச் சேர்ப்பதே நல்லது என்று நான் நினைக்கிறேன். அட்டை எதுவும் கிடைக்காத 62 வயதுக்காரருக்கு இதையே சொல்லமாட்டேன். ஒரு பெரிய அறுவை சிகிச்சை அந்தச் சேமிப்பை ஒரே வாரத்தில் துடைத்துவிடும்.

## முதியோர் இல்லம்

வீட்டில் பார்க்க ஆளே இல்லாதபோது இல்லத்தை நாடுவதில் வெட்கப்பட எதுவும் இல்லை. ஆனால், மாதக் கட்டணத்தை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்புகிறவர்களே அதிகம். பல இல்லங்கள் தாமாக எழுந்து நடக்கக்கூடியவர்களையே சேர்த்துக்கொள்கின்றன. ஆகவே, சேர்ந்த பிறகு படுத்த படுக்கையானால் வைத்துக்கொள்வார்களா, அப்போது கட்டணம் எவ்வளவு கூடும், இரவில் செவிலியர் இருப்பாரா, மருத்துவமனையில் சேர்க்க வேண்டி வந்தால் உடன் யார் போவார், இடையில் வெளியேறினால் டெபாசிட்டில் எவ்வளவு திரும்பும் ஆகிய ஐந்துக்கும் பதிலை எழுத்தில் வாங்கிக்கொண்ட பின்பே முன்பணம் கட்ட வேண்டும்.